பழைய சர்வரை அணைக்கும் முன்

ஊவா மலைப்பக்கத்தில் அடைமழை பிடித்து மண் சரிந்தால் பாதையோடு சேர்ந்து இணைய இணைப்பும் அறுந்துபோவதுண்டு. ஆகவே பதுளையில் ஒரு நிறுவனம் மெயில் சர்வரைத் தன் கட்டடத்திலேயே வைத்துக்கொள்ள நினைத்தால் அதில் நியாயமுண்டு. அதற்குத் துணையாக ஒரு டொமைன் கன்ட்ரோலரும் வேண்டும். யார் யார், யாருக்கு எது அனுமதி என்ற பதிவேடு அதனிடம்தான் இருக்கிறது. பழைய கன்ட்ரோலருக்கு வயதாகிவிட்டதென்று புதிது ஒன்றைச் சேர்ப்பார்கள். சில வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடும். பழையதை அணைத்த அன்று மெயில் நின்றுவிடும். அனுமதி இல்லை, கன்ட்ரோலர் கிடைக்கவில்லை என்று பிழைகள் வரும்.

மெயில் சர்வர் கெட்டுவிட்டது என்றே எல்லாரும் நினைப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச், ஒரு கன்ட்ரோலரை நம்பிப் பயன்படுத்துவதற்கு முன் அதன் பாதுகாப்புப் பதிவுகளைக் கையாளும் உரிமை தனக்கு அங்கே உண்டா என்று பார்க்கும். அந்த உரிமையை எக்ஸ்சேஞ்ச் நிறுவப்படும்போதே 'டிஃபால்ட் டொமைன் கன்ட்ரோலர்ஸ் பாலிசி'யில் எழுதி வைக்கிறார்கள். அது புதிய கன்ட்ரோலருக்குப் போய்ச் சேராவிட்டால் எக்ஸ்சேஞ்ச் பழையதை மட்டுமே நம்பி ஓடும். ஒரு தோட்டத்தின் இரண்டாம் கேட்டுக்குப் புது வாட்சர் வந்தும் கந்தோரிலிருந்து பெயர்ப்பட்டியல் போய்ச் சேராத கதைதான் இது. பாலிசி போய்ச் சேராததற்குக் காரணங்கள் பல. புதிய கன்ட்ரோலரை யாராவது வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கலாம். கன்ட்ரோலர்களுக்கிடையே பாலிசிக் கோப்புகள் நகலாகாமல் நின்றிருக்கலாம். அதே உரிமையை இன்னொரு பாலிசியிலும் எழுதியிருந்தால் விண்டோஸ் இரு பட்டியலையும் கூட்டாது. முன்னுரிமை உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளும். இந்தக் கடைசிக் காரணம்தான் கண்ணில் படாமல் ஆளை அலைக்கழிக்கும்.

இவ்வளவையும் தேடுவானேன், மெயில் சர்வரை டொமைன் அட்மின் குழுவில் சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியுமே என்பார்கள். முடியும்தான். ஒரே ஐடி ஆளை வைத்துச் சமாளிக்கும் இடத்தில் அந்த அவசரம் புரிகிறது. ஆனால் மெயில் சர்வர் வெளியுலகத்தைப் பார்த்து நிற்கிற இயந்திரம். 2021 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்சேஞ்ச் ஓட்டைகள் வழியே உலகெங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குள் புகுந்தார்கள். அப்படிப் புகுந்த சர்வரிடம் அட்மின் அதிகாரமும் இருந்தால், போவது மெயில் மட்டுமல்ல, முழுப் பதிவேடும்தான். எக்ஸ்சேஞ்சுக்குத் தான் கொடுத்திருந்த அதிகாரம் மிகை என்று கண்டு மைக்ரோசாஃப்டே 2019 பெப்ரவரியில் அதைக் குறைத்தது.

எல்லாவற்றையும் கிளவுடில் போட்டால் தொல்லை தீருமே என்ற வாதமும் உண்டு. பாதி சரி. பயனர் கணக்குகள் உள்ளூர்ப் பதிவேட்டிலிருந்தே கிளவுடுக்குப் போகும்வரை அந்தப் பதிவேட்டின் கோளாறும் கூடவே போகும். கிளவுட் என்ற பெயரே பாதுகாப்பும் ஆகாது: 2023இல் லங்கா அரச கிளவுடை ரான்சம்வேர் தாக்கியதில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. பாதிக்கப்பட்டவை சுமார் 5,000 முகவரிகள். அங்கே ஓடியது ஆதரவு முடிந்துபோன எக்ஸ்சேஞ்ச் 2013. அந்த நாட்களுக்கு உதவக்கூடிய பேக்கப் இல்லை. அது அனுமதிக் கோளாறு அல்ல. ஆனாலும் ஓடுகிறதே என்று பார்க்காமல் விட்டதன் விலை அங்கே தெரிகிறது.

பார்ப்பதற்கு அதிக நேரமும் ஆகாது. எக்ஸ்சேஞ்ச் தன் நிகழ்வுப் பதிவில் 2080 என்ற எண்ணின் கீழ் ஒவ்வொரு கன்ட்ரோலரையும் வரிசையாக எழுதுகிறது. அதில் அந்தப் பாதுகாப்புப் பதிவு உரிமைக்கான கட்டத்தில், புதிய கன்ட்ரோலரின் பெயருக்கு நேரே 1 இருக்க வேண்டும். 0 இருந்தால் அந்தக் கன்ட்ரோலர் மெயிலுக்கு உதவாது. உங்கள் அலுவலகத்தில் சர்வர் மாற்றுகிறார்களா? பழையதை அணைக்கக் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.