கடல் கடந்து செல்லும் குடும்பமும் விசா மனுவும்

நாட்டரசன்கோட்டையில் கண்ணாத்தாள் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் உள்ள பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, இவ்வட்டாரத்துக்கும் கடலுக்கு அப்பாலுள்ள நாடுகளுக்கும் இருந்த தொடர்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வீடுகளின் தூண்களில் நின்றுகொண்டிருப்பது பர்மாத் தேக்கு. பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் ஆகிய இடங்களுக்குக் கொண்டுவிக்கப் போன நகரத்தார் பெரும்பாலும் தனியே சென்று, மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பினர். இன்று நிலைமை வேறு. தொழிலுக்காக அல்லாமல், பத்து நாள் பார்த்து வருவதற்காகக் குடும்பம் முழுவதும் புறப்படுகிறது. நகரத்தார் மட்டுமன்றி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ அழைக்க, நெசவாளரும் விவசாயிகளும் தம் பெண்டு பிள்ளைகளுடன் விமானம் ஏறுகின்றனர். இவர்களுக்கு விசா மனுவைத் தயாரிக்கும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காகிதத்தின் வலிமை

நம் முன்னோர் சென்ற காலத்தில் இத்தனை காகிதங்கள் வேண்டியிருக்கவில்லை. பர்மா 1937 ஏப்ரல் 1 வரை இந்தியாவோடு சேர்ந்த மாகாணமாகவே இருந்தது. பின்னர் ஒவ்வொரு நாடாகக் கதவை இழுத்துச் சாத்தத் தொடங்கியது. இலங்கை 1948-இல் குடிவரவுச் சட்டம் இயற்றியது. மலேயா 1953-இல் புதிய குடிநுழைவுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் கடைகளும் தொழில்களும் தேசியமயமாக்கப்பட, பல்லாயிரம் இந்தியர் கையில் கொண்டுவர முடிந்ததை மட்டும் கொண்டு தாயகம் திரும்பினர். எத்தனை ஆண்டு வாழ்ந்தோம் என்பதைவிட, கையில் என்ன தஸ்தாவேஜு இருக்கிறது என்பதே பெரிது என்னும் பாடத்தை இவ்வட்டாரம் அதிக விலை கொடுத்துக் கற்றது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் நமது உரிமையைச் சேர்ந்தது. வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே பாஸ்போர்ட் சட்டமும் இயற்றப்பட்டது. விசா அத்தகையது அன்று. அது பிறர் வீட்டு வாசலில் நின்று கேட்கும் அனுமதி. தரலாம், மறுக்கலாம், காரணம் சொல்லாமலும் மறுக்கலாம். ஆகவே மனுவைப் பார்க்கும் அதிகாரிக்கு ஐயம் எழாதவாறு நம் கணக்கை ஒப்புவிப்பதே நாம் செய்யக்கூடியது. நல்ல ஐந்தொகையில் பற்றும் வரவும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதுபோல, குடும்பத்தின் எல்லாக் காகிதங்களும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும்.

முதலில் பெயர்

பெரும்பாலான சிக்கல்கள் பெயரிலிருந்தே தொடங்குகின்றன. நம் பக்கத்தில் பெயருக்கு முன் இரண்டு, மூன்று தலைப்பெழுத்துகள் இருப்பதும், அவை பாட்டனார், தகப்பனார் பெயர்களையும் விலாசத்தையும் குறிப்பதும் வழக்கம். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்துக்கு இடமில்லை. அதை விரித்தே எழுத வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்குத் தகப்பனார் பெயர் முழுமையாகவும் மற்றொருவருக்கு அது இல்லாமலும் அமைந்துவிட்டால், அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குடும்பத்தினர்போல் தோன்றுவர். ஒற்றைச் சொல்லாகப் பெயர் இருப்பதும் சில நாடுகளில் தடையாகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் தந்தது. எனவே தகப்பனார் அல்லது கணவர் பெயரை விரித்து, குடும்பப் பெயருக்குரிய இடத்தில் எல்லோருக்கும் ஒரே முறையில் எழுதுவது நலம்.

வீட்டில் வழங்கும் பெயர் ஒன்று, ரேஷன் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருப்பது மூத்த பெண்மணிகளிடம் மிகுதி. மீனாட்சி என்பது ஓரிடத்தில் மீனாள் என்றும் மற்றோரிடத்தில் மீனா என்றும் இருக்கும். பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்யும் முன்பே ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே எழுத்துக் கூட்டலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பிள்ளை கூட்டிக்கொண்ட குடும்பங்களில் பிறப்புச் சான்றில் பெற்ற தகப்பனார் பெயரும், பள்ளிச் சான்றில் சுவீகாரத் தகப்பனார் பெயரும் காணப்படுவதுண்டு. அங்கே பதிவு செய்யப்பட்ட சுவீகாரப் பத்திரம் கைவசம் இருப்பது அவசியம்.

பிறந்த தேதியும் அவ்வாறே. ஜாதகம் அத்தாட்சி ஆகாது. 2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்று ஒன்றே ஏற்கப்படும். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளிச் சான்று, வாக்காளர் அட்டை முதலியவற்றையும் காட்டலாம். எல்லாவற்றிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட்டுச் செலவு

சிவகங்கை மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தைச் சேர்ந்தது. மனுவை வீட்டிலிருந்தே சர்க்கார் இணையதளத்தில் பதிவு செய்து, பணம் கட்டி, குறித்த நாளில் நேரில் செல்ல வேண்டும். பிறகு போலீஸ் விசாரணை நடைபெறும். பெரியவருக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். 18 வயதுக்குட்பட்டவருக்கு 1,000 ரூபாய். புதிதாக வாங்கும் 60 வயது கடந்தவருக்கும் 8 வயது வரையுள்ள குழந்தைக்கும் நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி உண்டு. கணவன், மனைவி, 65 வயது ஆச்சி, 10 வயதிலும் 6 வயதிலும் இரு பிள்ளைகள் என்று கொண்டால், 1,500, 1,500, 1,350, 1,000, 900 ஆக மொத்தம் 6,250 ரூபாய். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும்.

பெரியவர் பாஸ்போர்ட் 10 ஆண்டும், சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டு அல்லது 18 வயது நிறையும் வரையும் செல்லும். எனினும் சிங்கப்பூரும் மலேசியாவும் குறைந்தது 6 மாதத் தவணை மீதியிருப்பதை எதிர்பார்க்கின்றன. பிள்ளைகளின் பாஸ்போர்ட் முன்னதாகவே முடிந்துவிடுவதால் அதையே முதலில் பார்க்க வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு, 50 வயது கடந்தவர் போன்ற சில பிரிவினர் நீங்கலாக, குடியகல்வுச் சோதனை தேவை என்னும் முத்திரை பாஸ்போர்ட்டில் இடப்படும். 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரைப் பாதுகாக்க 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஏற்பாடு இது. மலேசியா அந்நாடுகளுள் ஒன்று. சுற்றுலா செல்வோர் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் திரும்பி வரும் டிக்கெட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

எந்த நாட்டுக்கு என்ன வேண்டும்

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியரை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. நிரந்தரமான சட்டம் அன்று ஆகையால், டிக்கெட் வாங்குமுன் அந்நாட்டு அரசின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்று சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பினாங்குத் தைப்பூசத்தின் வெள்ளி ரதத்தைக் காண விரும்புவோருக்கு இது எளிய வழி.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனி மனு. மனு ஒன்றுக்கு 30 வெள்ளி. மறுக்கப்பட்டாலும் அத்தொகை திரும்பாது. புறப்படுவதற்கு முந்திய 30 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்குள்ள குடிமகனோ நிரந்தரவாசியோ நம் சார்பில் நேரே இணையத்தில் மனுச் செய்யலாம். அவ்வாறு ஒருவர் இல்லாதவர்கள் சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரித்த முகவர் வழியே செல்ல வேண்டும். படம் வெள்ளைப் பின்னணியில், மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். விசா கிடைத்துவிட்டதாலேயே நுழைவு உறுதியாகிவிடாது. விமான நிலையத்துக் குடிநுழைவு அதிகாரியின் முடிவே முடிவு. அவர் கேட்கும் கேள்விக்கு வீட்டார் அனைவரும் ஒரே விடை சொல்ல வேண்டுமானால், எங்கே தங்குவது, எத்தனை நாள், யாரைப் பார்ப்பது என்பவற்றை ஆச்சி முதல் பிள்ளைகள் வரை அறிந்திருக்க வேண்டும்.

வருமான அத்தாட்சி

ஐரோப்பிய நாடுகளைப் போன்று வங்கிக் கணக்கு, தங்குமிடம், மருத்துவக் காப்பீடு என்று விரிவாகக் கேட்கும் நாடுகளும் உள. அங்கெல்லாம் அதிகாரி அறிய விரும்புவது இரண்டே: செலவுக்குப் பணம் இருக்கிறதா, ஊருக்குத் திரும்பிவரக் காரணம் இருக்கிறதா. மாதச் சம்பளம் வாங்குவோர் சம்பளச் சீட்டைக் காட்டுவர். நமது அங்கத்தினருக்கு அது இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. நெசவாளர் தம் சங்கப் பங்குச் சான்று, கூலி வரவு வைக்கப்பட்ட வங்கிப் புத்தகம், உறுப்பினர் என்பதற்குச் செயலாளர் தரும் கடிதம் ஆகியவற்றைக் காட்டலாம். விவசாயிகள் பட்டா, சிட்டா நகல்களையும், விளைபொருள் விற்ற ரசீதுகளையும் சேர்க்கலாம். சொந்த நிலமும் சங்கத்தில் தொழிலும் ஊருக்குத் திரும்புவதற்குத் தக்க காரணங்களே. தமிழில் உள்ள தஸ்தாவேஜுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

மனுவுக்கு முந்திய வாரத்தில் கைமாற்று வாங்கி வங்கியில் பெருந்தொகை போட்டுக் காட்டும் வழக்கம் தீது. ஆறு மாதக் கணக்கைப் பார்க்கும் அதிகாரிக்கு அது உடனே புலப்படும். சிறுகச் சிறுகச் சேர்ந்த சேமிப்பே நம்பிக்கை தருவது. மகன் செலவை ஏற்பதாயின், அவர் கடிதமும் அவர் வருமானச் சான்றும் வைத்து உள்ளதை உள்ளபடி எழுதிவிடலாம். பேரப்பிள்ளைகளை ஐயாவும் ஆச்சியும் மட்டும் அழைத்துச் செல்வதாயின், தாய் தகப்பன் இருவரும் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் கூடவே இருக்கட்டும்.

மூட்டை கட்டும்போது

பரிசுக்கென இரண்டு கண்டாங்கிச் சேலை கொண்டுபோவதில் குற்றமில்லை. நூறு சேலை கொண்டுபோய் விற்பது வியாபாரம். சுற்றுலா விசாவில் அதற்கு இடமில்லை. விதை, நாற்று, செடி ஆகியவற்றைப் பயிர்நலச் சான்றும் அந்நாட்டு அனுமதியும் இன்றி எடுத்துச் செல்லலாகாது. நம் சமையலில் சாதாரணமான கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். வெற்றிலையுடன் போடும் புகையிலையும் அவ்வாறே. பெரியவர்களின் மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் கொண்டுசெல்ல வேண்டும்.

தரகர் சொல்லும் குறுக்கு வழி

"சுற்றுலா விசாவில் போய்விடு, அங்கே வேலை வாங்கித் தருகிறேன்" என்பவரை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். 2022-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்ய வற்புறுத்தப்பட்டனர். மீட்கப்பட்டவருள் தமிழரும் இருந்தனர். சிங்கப்பூரிலோ, அனுமதி முடிந்தபின் 90 நாளுக்கு மேல் தங்கினால் சிறையோடு, 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்குக் குறைந்தது மூன்று பிரம்படியும் சட்டத்தில் உண்டு. பிள்ளையை வேலைக்கு அனுப்ப விரும்புவோர், மத்திய அரசிடம் பதிவுபெற்ற முகவரா என்று விசாரித்து, வேலை அனுமதியோடு அனுப்புவதே முறை. ஐயம் எழுந்தால் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையை நாடலாம்.

மனுவில் பொய் எழுதித் தரும் தரகரும் உளர். பொய்யான ஓட்டல் பதிவும் பொய்யான உத்தியோகச் சான்றும் ஒருமுறை வெளிப்பட்டால், அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்பப்படுவது அரிது. கையொப்பம் நம்முடையது, பழியும் நம்முடையதே. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவருக்கு மனுவை முழுதும் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் வாங்க வேண்டும்.

காலக் கணக்கு

தைப்பூசத்துக்குப் பிரயாணம் என்றால் ஆடியிலேயே பெயரும் தேதியும் சரிபார்க்கத் தொடங்கலாம். ஆவணி, புரட்டாசிக்குள் பாஸ்போர்ட்டுக்கு மனு, ஐப்பசி, கார்த்திகையில் டிக்கெட், மார்கழியில் விசா. எல்லாத் தஸ்தாவேஜுகளுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கூடவும் மற்றொன்றை ஊரில் நம்பிக்கையானவரிடமும் வைக்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு பத்து நாள் பிரயாணத்துக்காகவா என்று சிலர் மலைக்கலாம். ஆனால் இப்படி ஒழுங்கு செய்த காகிதங்கள் பிரயாணத்தோடு முடிவதில்லை. பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை, நிலப் பதிவு, ஓய்வூதியம், வாரிசுச் சான்று ஆகிய எல்லாவற்றுக்கும் அவையே உதவும். ஆகவே இப்போதைக்கு வெளிநாடு செல்லும் எண்ணம் இல்லாத அங்கத்தினரும், ஓய்வான ஒரு நாளில் வீட்டிலுள்ள காகிதங்களை எடுத்து வைத்து, பெயரும் தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.