பாண்ட்: ஒரு பெயர் கீழிறங்கிய கதை

ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் என்றதும் ஸ்மித் கொல்லன், டெய்லர் தையற்காரன் என்று தொழிலோடு நிறுத்திக்கொள்கிறோம். தொழிலைச் சொல்லும் பெயர்களைவிட அந்தஸ்தைச் சொல்லும் பெயர்களில்தான் அதிகாரம் வேலை செய்த தடம் துலக்கமாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். பாண்ட் என்ற பெயரை எடுத்துக்கொள்கிறேன். ஜேம்ஸ் பாண்டேதான், வேறு யாரு?

பழைய நார்ஸ் மொழியில் 'போண்டி' என்றால் குடியிருந்து பயிரிடுபவன். வைக்கிங் குடியேறிகள் வழியாக இங்கிலாந்து வந்து 'போண்டா' ஆயிற்று. (டீக்கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அவன் யாருக்கும் கட்டுப்படாத குடித்தனக்காரன், வீட்டுக்குத் தலைவன். 'ஹஸ்பண்ட்' என்ற சொல்லின் பின்பாதியில் இருப்பவன் இவனேதான். 1086இன் டூம்ஸ்டே பதிவேட்டில் போண்டி என்பதை இயற்பெயராகவே கொண்ட நிலவுடைமையாளர்கள் இருக்கிறார்கள்.

1066இல் நார்மன் வெற்றி. நிலம் புதிய பிரபுக்களின் கைக்குப் போயிற்று. உழுகிற ஆள் அதேதான், வயலும் அதேதான். சட்டத்தின் சொல்லாடல் மட்டும் மாறியது. இப்போது 'போண்ட்' என்றால் பண்ணையை விட்டு வெளியேற முடியாதவன். பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். செத்தால் இருக்கிற மாட்டில் நல்லது ஒன்றைப் பிரபு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். இப்படி அனுபவித்த நிலத்தின் பெயரிலிருந்துதான் 'பாண்டேஜ்' வந்தது. கட்டு, தளை என்று பொருள்படும் 'பாண்ட்' வேர் வேறான தனிச்சொல். இரண்டும் காதில் ஒன்றாக விழ, பாண்டேஜ் முழு அடிமைத்தனமாகிவிட்டது. நம் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பில் இருப்பது இந்த இரண்டாவது பாண்ட்.

நார்மன் கால் படாத ஸ்வீடனில் 'போண்டே' இன்றும் விவசாயிதான். 15ஆம் நூற்றாண்டில் அங்கே அரசனாயிருந்த கார்ல் க்னுட்ஸன் போண்டே குடும்பத்தவன். ஒரே சொல், ஒரு கரையில் ராஜா வீட்டுப் பெயர், மறுகரையில் பண்ணையாள். வேர்ச்சொல் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்கிவிட முடியுமா?

இங்கிலாந்தில் பட்டப்பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக உறைந்தது பெரும்பாலும் 12முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள். எழுதிவைத்தவர்கள் பண்ணைக் கணக்கர்களும் வரிக்காரர்களும். (பாண்ட் எல்லாரும் பண்ணையடிமையின் வாரிசு இல்லை; பழைய இயற்பெயர் வழியாக வந்தவர்களும் உண்டு.) 1377, 1379, 1381 என்று அடுத்தடுத்துத் தலைவரி விழுந்தது. 1381இல் குடியானவர்கள் கிளர்ந்து, பல ஊர்களில் முதலில் தேடி எரித்தது பண்ணை ஆவணங்களைத்தான். தாங்கள் எந்த எழுத்தில் கட்டுண்டிருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடிமைமுறையை ஒழிப்பதாக அரசன் இரண்டாம் ரிச்சர்ட் சாசனம் கொடுத்தான். சில வாரங்களில் வாபஸ் வாங்கினான். அப்புறம் ஆள் பற்றாக்குறையில் அந்த முறை தானாகத் தேய்ந்தது. பெயர் தேயவில்லை.

1952இல் இயான் ஃபிளெமிங் தன் உளவாளிக்குச் சப்பென்ற ஒரு பெயர் தேடி, மேற்கிந்தியப் பறவைகளைப் பற்றிய நூலாசிரியரின் பெயரைப் போட்டுக்கொண்டார். ஃபிளெமிங் என்றால் ஃபிளாண்டர்ஸ்காரன். 1381 கிளர்ச்சியில் லண்டன் தெருக்களில் தேடித்தேடிக் கொல்லப்பட்டவர்களில் அந்த ஃபிளாண்டர்ஸ்காரர்களும் இருந்தார்கள். எழுச்சியைக் கொண்டாடி எழுதுகிற நம் ஆட்கள் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டாமல் போய்விடுகிறார்கள்.