நாயைப் பிடிக்கும்

வாசலும் வாலும் – 9

எங்கள் திண்ணைக்குக் கீழே படுக்கும் நாய் செவலை மூன்று நாள் காணாமல் போனதைச் சொல்லி சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். நான்காம் நாள் விடியற்காலை. வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த என் மனைவி “வந்துட்டா!” என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கும் எரிந்தது. திண்ணைக்குக் கீழே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தாள். வால் மட்டும் ஆடியது. தலையைத் தூக்கவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தோம். இடது தொடையில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு ஓட்டைகள். சுற்றிலும் ரத்தம் காய்ந்து மயிர் திரித்திரியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கோரைப் பல் பதிந்த தடம். இன்னொரு நாய் கடித்திருக்கிறது.

எந்த நாய் என்று யாரைக் கேட்பது? அப்போது தை மாதக் கடைசி. நன்னிலத்தைச் சுற்றி சம்பா அறுவடை. ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது எங்கள் ஊர் நாய்களுக்கு மேட்டுத்தெருவும் ஆற்றங்கரையும் ரயிலடியும்தான் உலகம். தண்ணீர் வடிந்து கதிர் அறுத்துவிட்டால் திசையெல்லாம் திறந்துகொள்ளும். அறுவடை மிஷின் வரும், நெல் லாரி வரும், அறுத்த தாளடியில் வாத்து இறங்கும், பின்னாலேயே ஆட்டுக்கிடை வரும். ஒவ்வொன்றோடும் ஒன்றிரண்டு வெளியூர் நாய்கள். செவலை எந்த வரப்பில் எதன் வாயில் மாட்டினாளோ, பார்த்தவர் ஒருவரும் இல்லை.

நான் சட்டையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா மஞ்சளைக் குழைத்து வந்து, காயத்தின் மேல் பத்துப் போட்டு முடித்துவிட்டார். எழுபத்தெட்டு வயதுக்கு அந்தக் கை என்ன வேகம்! செவலையும் அவருக்குக் காலைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

செவலையைக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனோம். மருத்துவர் இளம்பெண். செவலையைப் பார்ப்பதற்கு முன் எங்கள் கைகளைத்தான் பார்த்தார்.

“காயத்தத் தொட்டது யாரு? கையில கீறல், வெட்டு ஏதாவது இருக்கா?”

அம்மாவின் ஆள்காட்டி விரலில் முதல் நாள் கீரை அரிந்தபோது பட்ட அரிவாள்மணைக் கீறல். இன்னும் வாய் மூடவில்லை.

அப்போதுதான் விஷயம் எனக்கு உறைத்தது. கடித்த நாய்க்கு வெறி இருந்தால் அதன் எச்சில் செவலையின் காயத்தில் இருக்கும். அந்த எச்சில் அம்மாவின் கீறலிலும் பட்டிருக்கும். கடித்த நாய் கண்ணெதிரே இருந்தால் பத்து நாள் வைத்துப் பார்க்கலாம். எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய் அதற்குள் நோய் காட்டிச் செத்துவிடும். எங்களிடம் அந்த நாய் இல்லை. அதற்கு வெறி இருந்தது என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

“மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாப்பொடி எதுவும் வைக்கக் கூடாதும்மா. குழாயத் தொறந்து விட்டு, சோப்புப் போட்டு, கால் மணி நேரம் கழுவணும். நாயா இருந்தாலும் சரி, மனுஷங்களா இருந்தாலும் சரி. நாயக் கழுவுறப்ப மட்டும் கையில உறை போட்டுக்கணும்.”

சோப்பு அந்தக் கிருமியின் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும் என்றார். சல்லிக் காசு செலவில்லாத வைத்தியம். அதைத்தான் முதலில் மறந்துபோகிறோம்.

பிறகு ஒரு அட்டையை எடுத்தார். “நாய் பேரு?”

“செவலை” என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அவள் ‘குட்டி’. டீக்கடையில் ‘ராணி’. ரயிலடியில் தினமும் பொரை போடும் பெரியவருக்கு ‘டைகர்’. கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாள், பெண் நாய் என்று தெரிந்தும், ‘பைரவா’ என்றுதான் கூப்பிடுவார். ஐந்து பெயருக்கும் வாலை ஆட்டுவாள்; நான்கு இடத்தில் சாப்பிடுவாள்.

“ஓனர் பேரு?”

இதற்குத்தான் சற்றுத் தடுமாறிவிட்டேன். ஆறு வருடமாக என் திண்ணைக்குக் கீழே படுக்கிறாள். ஆனால் ‘என் நாய்’ என்று எழுத்தில் கொடுத்ததில்லை. தெருவில் யாரையாவது விரட்டினால் ‘தெரு நாய்தாங்க’ என்று நானே சொல்லியிருக்கிறேன்.

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கால்நடைக்காக நடந்த தொறுப்பூசலில் மடிந்த வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்ற சேதியும் கல்லில் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாய்க்கு ஒரு பெயரும், அது இன்னாருடையது என்ற கணக்கும் இருந்திருக்கின்றன. ஐந்து பெயர் இருந்தும் செவலைக்கு அது இல்லை.

என் பெயரைச் சொன்னேன். அட்டையில் ஏறியது.

கடிபட்ட நாய்க்கு ஐந்து ஊசி. முதல் நாள், அதிலிருந்து மூன்றாம் நாள், ஏழு, பதினான்கு, இருபத்தெட்டு. கிருமி நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஊர்ந்துபோகப் பெரும்பாலும் வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். மூளையைத் தொட்டு நோய் வெளியில் தெரிந்துவிட்டால் மனிதரானாலும் நாயானாலும் பிழைப்பதில்லை. அதற்குள் உடம்பு தன் எதிர்ப்பைத் தயார் செய்துவிட வேண்டும். அதனால் தேதி தவறக் கூடாது என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.

மருந்து நிரப்பிய ஊசியோடு திரும்பி, “புடிச்சுக்குங்க சார்” என்றார்.

இதில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன். ஆறு வருடம் சோறு போட்டிருக்கிறேன். காதுக்குப் பின்னால் உண்ணி பிடுங்கியிருக்கிறேன். தீபாவளி வெடிக்கு நடுங்கியபோது கட்டிலுக்கு அடியில் இடம் கொடுத்திருக்கிறேன். அவளைப் பிடித்ததில்லை. கழுத்தில் கை வைத்ததும் மீன் மாதிரி நழுவினாள். மேஜை கவிழ்ந்தது. நானும் மனைவியும் மருந்தக உதவியாளரும் மூலைக்கு மூலை மறித்து, மனைவியின் துப்பட்டாவால் வாயைச் சுற்றிக் கட்டி, ஒருவழியாக ஊசி ஏறியது. மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது.

அங்கிருந்து நேராக அரசு ஆஸ்பத்திரி. அம்மா வண்டியில் ஏற மறுத்தார். “தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்கடா. என் தம்பி பட்ட பாடு எனக்குத் தெரியும்.”

அம்மா சொன்னது பொய்யில்லை. மாமா சிறுவனாக இருந்தபோது போட்டது செம்பிள் என்ற பழைய மருந்து. 1911ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் உருவாக்கியது. ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்து, கொன்று, கரைத்து எடுப்பார்கள். 1907ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் தயாரித்தார்கள். அளவு அதிகம் என்பதால் வயிற்றில்தான் போட முடியும். அதுவும் நாள் தவறாமல். மூளைத் திசு கலந்ததால் சிலருக்குப் பக்கவாதமே வந்திருக்கிறது. 2004 முடிவில் இந்தியாவில் அதை நிறுத்திவிட்டார்கள். இருபது வருடம் தாண்டியும் அந்தப் பதினாலு ஊசி ஊர் ஞாபகத்திலிருந்து போகவில்லை. கடிபட்டதைச் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் இன்றும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது தோலுக்குள் சொட்டுப் போல, இரண்டு கையிலும் சின்னதாக, நான்கு நாள் மட்டும். முதல் நாள், மூன்று, ஏழு, இருபத்தெட்டு. அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. அம்மா ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து, “அவ்ளோதானா?” என்றார். வீட்டுக்கு வந்ததும் திண்ணைக்குக் கீழே குனிந்து, “எனக்கு நாலு, ஒனக்கு அஞ்சு” என்று செவலையிடம் கணக்குச் சொன்னார். காலண்டரில் இருவருக்கும் தேதி குறித்தோம். அம்மாவுக்கு நீலம், செவலைக்குச் சிவப்பு.

மூன்றாம் நாளுக்கான மருந்தைக் கடையில் வாங்கி, வயலுக்குக் காபி கொண்டுபோகும் பிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்துப் போனேன். சூடு பட்டால் மருந்து வீரியம் இழந்துவிடும், உறையவும் கூடாது. கூட ஒரு கை வேண்டுமே என்று தெருவில் கேட்டுப் பார்த்தேன். டீக்கடைக்காரர், “ராணிக்கா? என் உசுருங்க அது” என்றார். கல்லாவை விட்டு வரவில்லை. ரயிலடிப் பெரியவருக்கு முட்டி வலி. எதிர்வீட்டுத் தம்பி, “எனக்கு நாய்னா ரொம்பப் புடிக்கும் சார், ஆனா புடிக்கத் தெரியாது” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவன் சொன்னது நாள் முழுக்க என்னோடு வந்தது. மனசுக்குப் பிடிப்பதற்கும் கையால் பிடிப்பதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் செவலையைப் பிடித்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். பிடிப்பதற்கு ஒருவரும் இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை. முதல் நாள் வரை நானும் அந்த இருபதில் ஒருவன்.

ஏழாம் நாள் வேறொரு சிக்கல். அந்தப் பிளாஸ்கை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். அலமாரியிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டதும் தெருமுனைக்கு ஓட்டம். அப்புறம் ஒரு வாரம், மனைவி வயலுக்குக் காபி ஊற்றினாலும் ஓடினாள். அன்றைக்கு அவளைப் பிடிக்கவே மதியம் ஆகிவிட்டது. சமாதானத்துக்கு ஊசி முடிந்ததும் ஒரு அவித்த முட்டை கொடுத்தேன். அது தினமும் ஒன்று என்று வளர்ந்தது.

பதினான்காம் நாள் எங்கள் வயலில் கிடை போட்டிருந்தார்கள். கிடைக்காரர் இராமநாதபுரம் பக்கத்துக்காரர், அறுபது வயதிருக்கும். நான் செவலையோடு வரப்பில் மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

“நட்டமா நின்னு குனியாதிய தம்பி. பக்கத்துல குத்தவச்சு உக்காருங்க. மூஞ்சியப் பாக்காதிய.”

தோளில் கிடந்த துண்டைக் கிழித்து ஒரு நாடா எடுத்தார். வளையம் போட்டு மூக்கின் மேல் மாட்டி, தாடைக்குக் கீழே ஒரு திருப்பு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. இழுத்தால் அவிழ்கிற முடிச்சு. வலது முழங்கையை அவள் கழுத்துக்குக் கீழே கொடுத்துத் தலையைத் தன் தோளோடு சேர்த்தார். இடது கை வயிற்றுக்கு அடியில். ஒரு சத்தமில்லை. “ரொம்ப நேரம் கட்டக் கூடாது. நாய்க்குச் சூடு எறங்குறது நாக்கு வழியாத்தான். வாயக் கட்டுனா வெக்க அடிச்சுப்போகும்.” என்னையும் இரண்டு முறை கட்டி அவிழ்க்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விட்டார்.

சின்ன வயதில் ‘நாய் பிடிக்கிறவங்க’ என்றால் நாங்கள் ஒளிந்துகொள்வோம். சுருக்குக் கம்பியோடு வருவார்கள். பிடித்துப்போன நாய் திரும்பாது. கேப்டன் வி. சுந்தரம் 1959ல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்புதான், கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்ற யோசனையை அறுபதுகளில் முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்கத் தொண்ணூறுகளின் நடுப்பகுதி ஆனது. 2001ல் அது நாட்டுக்கே விதியானது. 2023ல் விதிகள் புதிதாக வந்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும், வெறி பிடித்ததும் மூர்க்கமானதும் தவிர மற்ற நாய்களை ஊசி போட்டு அதே இடத்தில் விடச் சொன்னது. நவம்பரிலோ பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. ரயிலடியில் ‘டைகர்’ தின்னும் பொரைக்கு இனி என்ன கதி என்று பெரியவர் என்னைக் கேட்டார். எந்தத் தீர்ப்பும் விதியும் கடைசியில் ஒரு நாயின் கழுத்துக்குக் கீழே போகிற ஒரு முழங்கையில்தான் வந்து நிற்கின்றன.

இருபத்தெட்டாம் நாள். காலையில் அம்மாவுக்கு நாலாவது ஊசி முடிந்தது. காலண்டரில் நீலம் தீர்ந்துவிட்டது. பத்து மணிக்குச் செவலையை நான் ஒருவனே கூட்டிப்போனேன். பிளாஸ்கைத் துணிப்பையில் மறைத்து வைத்தேன். மருந்தகத்துத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. நாடாவை மாட்டப் போனபோது சட்டென்று திரும்பினாள்; பல் என் மணிக்கட்டில் பட்டது. பட்ட இடத்திலேயே நின்றது. அழுத்தவில்லை. அப்படியே சில நொடி. பிறகு வாயை எடுத்துக்கொண்டு மூக்கை நீட்டினாள். கட்டினேன், முழங்கையைக் கொடுத்தேன், ஊசி ஏறியது, முடிச்சை இழுத்தேன்.

டாக்டரம்மா முதலில் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குழாயடிக்கு அனுப்பினார். கழுவிவிட்டு வந்தபோது செவலையின் வயிற்றை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா குண்டாயிட்டா இல்ல? தினம் முட்டை” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் கையை எடுக்கவில்லை. அடிவயிற்றில் ஒரு இடத்தில் என் விரலை வைத்து அழுத்தச் சொன்னார். உள்ளே ஏதோ உருண்டு நகர்ந்தது.

“முட்டை இல்ல சார். இன்னும் பத்துப் பன்னண்டு நாள்ல குட்டி போட்டுடும்” என்றவர், அட்டையைப் புரட்டி என் பெயரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இனிமே நீங்க புடிக்க வேண்டியது ஒண்ணு இல்ல.”

(தொடரும்)