தூரிகையும் ஆய்வேடும்

வரையத் தெரிந்த கைக்கு எழுத்து எதற்கு? கவின்கலைக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர் பலரும் கேட்கும் வினா இது. சென்னையில் 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி ஆகும். அக்காலத்தில் அங்கு முதன்மை பெற்றது கைத்திறனே. இன்றோ, நுண்கலையில் முதுகலைப் பட்டம் பெற விழைவோர் பல பல்கலைக்கழகங்களில் இரண்டாண்டுகள் படைப்புகளை உருவாக்குவதோடு ஆய்வேடு ஒன்றையும் எழுதுதல் வேண்டும். தேர்வாளர் முன்னிலையில் அதனை நிலைநாட்டவும் வேண்டும். அப்பணி எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குடைவரையை மாணவி ஒருவர் ஆய்வுப்பொருளாகக் கொள்கிறார் என்க. ‘சித்தன்னவாசல் ஓவியங்கள்’ என்று மட்டும் அவர் தலைப்பிட்டால் நெறியாளர் அதனை ஏற்கமாட்டார். அத்தலைப்பில் பொருள் உண்டு, வினா இல்லை. அக்குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மலர்களும் அரும்புகளும் இலைகளும் நெருங்கிய அக்குளத்தில் மீன்களும் அன்னங்களும் யானைகளும் காணப்படுகின்றன. மலர் கொய்வோரும் உள்ளனர். ஓவியன் இக்குளத்தை மேலிருந்து நோக்குகிறானா, கரையில் நின்று நோக்குகிறானா? எது முன்னே உள்ளது, எது பின்னே உள்ளது என்பதைக் கோட்டால் உணர்த்துகிறானா, வண்ணத்தால் உணர்த்துகிறானா? இவை வினாக்கள். இவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டாலே ஆய்வுக்குத் திசை கிடைத்துவிடும்.

வரைந்து காணல்

ஓவிய மாணவரின் ஆய்வு, வரலாற்று மாணவரின் ஆய்வினின்று வேறுபடும் இடம் ஒன்றுண்டு. ஓவிய மாணவருக்கு வரைதலே ஆய்வுமுறை. அம்மாணவி பாறையைத் தீண்டாமல், விதானத்தை அண்ணாந்து நோக்கிக் கோடு கோடாகப் படியெடுக்கிறார். தாமரை இலை ஒன்றன் விளிம்பைப் பத்து முறை வரையும்போது, பழைய ஓவியனின் கை எங்கே அழுந்தியது, எங்கே தளர்ந்தது, எங்கே சட்டெனத் திரும்பியது என்பன மெல்லப் புலப்படத் தொடங்கும். கண் தவறவிட்டதைக் கை கண்டுகொள்ளும். அந்தப் படிகளும், அவற்றின் அருகே நாளிட்டு எழுதிய குறிப்புகளும் அவருடைய முதன்மைச் சான்றுகள். இவற்றைப் பின்னிணைப்பில் ஒதுக்கிவிட்டு, பிறர் நூல்களின் கருத்துகளால் இயல்களை நிரப்புவோர் பலர். கைப்பொருளைப் புதைத்துவிட்டுக் கடன் வாங்கும் செயல் அது.

கடன் வாங்கியே தீரவேண்டிய இடங்களும் உள்ளன. சுண்ணச் சாந்தின் இயல்பையும் நிறமிகளின் தன்மையையும் கண்ணால் மட்டும் அறிய இயலாது. சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இவ்வோவியங்களின் நுட்பத்தை ஆராய்ந்துள்ளார். அவர் முடிவைப் பயன்படுத்துவோர் அதனை அடிக்குறிப்பில் சுட்ட வேண்டும். சுட்டாமல் எடுத்தாள்வது களவு.

சான்று பேசும்போது

காலம் பற்றிய செய்தியில் மாணவர் பெரிதும் இடறுவர். சித்தன்னவாசல் ஓவியங்கள் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்று முதலில் கருதப்பட்டது. அவ்வாறு கருதக் காரணங்கள் இருந்தன. அவன் முதலில் சமணம் சார்ந்திருந்தவன் என்பது மரபு. ‘சித்திரகாரப்புலி’ என்னும் விருதுப்பெயரும் அவனுக்கு உண்டு. எல்லாம் அழகாகப் பொருந்தின. ஆனால், குடைவரையை ஒட்டிய பாறையிலுள்ள தமிழ்க் கல்வெட்டு வேறு செய்தி கூறுகிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அகமண்டபத்தைப் புதுக்கி, அதன்முன் முகமண்டபம் எடுத்தார் என்பது அச்செய்தி. காலம் 9ஆம் நூற்றாண்டு. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனின் ஆட்சி. எனவே, இன்று காணும் ஓவியங்களைப் பாண்டியர் காலத்தவை என்றே அறிஞர் பெரும்பாலோர் கொள்கின்றனர்.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதனையொத்த ஒன்று நிகழ்ந்தது. கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றறையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதுவரை சுவரில் ஓர் அடுக்கே அறியப்பட்டிருந்தது.

தேர்வறையில்

ஆய்வேட்டை அளித்தபின் வாய்மொழித் தேர்வு நடைபெறும். மாணவியின் சொந்த ஓவியங்கள் சுவரில் மாட்டப்பட்டிருக்கும். ஆய்வேடு தேர்வாளர் கையில் இருக்கும். நெறியாளர் அருகில் இருப்பினும் விடை கூறவேண்டியவர் மாணவியே. மனப்பாடம் செய்த முன்னுரை சில நிமிடங்களுக்கே உதவும். பிறகு புறத்தேர்வாளர் ஒரு பக்கத்தைப் புரட்டிக் கேட்பார்: “கல்வெட்டு மண்டபத்தைப் புதுக்கியதைக் கூறுகிறது. ஓவியத்தையும் இளங்கௌதமனே செய்வித்தார் என்று எவ்வாறு துணிந்தீர்கள்?”

கடினமான வினா இது. “எல்லா நூல்களிலும் அவ்வாறுதான் உள்ளது, ஐயா” என்று விடையிறுத்தால் தேர்வாளர் அடுத்த வினாவை இன்னும் கூர்மையாக்குவார். “அதனை நான் நிறுவவில்லை; பெரும்பான்மை அறிஞர் கருத்தாக ஏற்றுக்கொண்டேன். நான் நிறுவ முயன்றது கோட்டின் இயல்பை மட்டுமே. அதற்குரிய சான்று மூன்றாம் இயலின் படிகளில் உள்ளது” என்று கூறும் மாணவி தம் எல்லையை அறிந்தவர். எல்லைக்குள் நின்று பேசுவோரை அசைப்பது அரிது.

அடுத்து, சுவரிலுள்ள படங்களின் பக்கம் பேச்சுத் திரும்பும். “இந்த நீலத்தை ஏன் இங்கே வைத்தீர்கள்?” என்றால், “அங்கே தேவைப்பட்டது” என்பதே சில வேளைகளில் உண்மையான விடையாக அமையும். படைப்பாளி தம் படைப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் காரணம் கூறக் கடமைப்பட்டவர் அல்லர் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இதற்கு மாறாகக் கருதும் ஆசிரியர்களும் உளர். எனினும், ‘சித்தன்னவாசல் கோட்டிலிருந்து என் கோடு பிறந்தது’ என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தால், அக்கோட்டைச் சுவரில் தொட்டுக் காட்டவேண்டும்.

தேர்வு முடிந்தபின் திருத்தங்கள் தொடங்கும். மாணவி தம் ஆய்வேட்டில் ‘பாண்டியர் கால ஓவியம்’ என்றிருந்த தொடரைத் தேடுகிறார். அது வரும் இடந்தோறும் ‘பாண்டியர் காலத்தது எனப் பெரும்பாலோர் கொள்ளும் ஓவியம்’ என்று மாற்றி எழுதுகிறார். அதன்பின் ஆய்வேடு கட்டடம் செய்யப்பட்டு, ஒரு படி துறை நூலகத்திற்குச் செல்கிறது.