41 எழுத்து, 14 கோடி வெள்ளி! தெரியுமா?

சீனப் புத்தாண்டு நெருங்கினாலே கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் கடைவரிசைகளில் சிவப்புத் தாளில் தூரிகை எழுத்துகள் தொங்குமே, பார்த்திருக்கிறீர்களா? தோட்டத்திலிருந்து டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும் நாம் அதை எத்தனை முறை கடந்திருப்போம்! அந்தக் கலையின் ஜாம்பவான்கள் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன், ஜின் வம்ச ஆட்சியில் (266–420) வாழ்ந்தவர்கள். அவர்கள் செய்த கூத்தெல்லாம் தெரியுமா?

குரு ஒரு பெண்!
சீனர்கள் 'எழுத்தின் ஞானி' என்று கொண்டாடுவது யாரை? வாங் ஷிஜியை (303–361)! அவருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? வெய் ஷுவோ (272–349) என்ற பெண்மணி!

விசிறி விற்ற பாட்டி
விசிறி விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் போனார் வாங் ஷிஜி. கேட்காமலேயே ஒவ்வொரு விசிறியிலும் 5 எழுத்து எழுதினார். பாட்டிக்குக் கோபமான கோபம்! "என் பேரைச் சொல்லி 100 காசு கேளுங்கள்" என்றார் வாங் ஷிஜி. சொன்னபடியே அத்தனையும் விற்றுப்போனதாம்!

வாத்துக்கு ஒரு வேதம்!
வாங் ஷிஜிக்கு வாத்து என்றால் உயிர். தாவோ மதத் துறவி ஒருவரிடம் அழகான வாத்துகள் இருந்தன. விலை என்ன தெரியுமா? வாங் ஷிஜி கைப்பட ஒரு வேதநூலைப் பிரதி எடுத்துத் தர வேண்டும்! உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு, வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்!

கவிதை வரவில்லையா? குடி!
கி.பி. 353. ஷாவ்ஷிங் நகருக்கு அருகே வாங் ஷிஜி உட்பட 42 பேர் ஓடைக்கரையில் கூடினார்கள். தண்ணீரில் மதுக் கிண்ணம் மிதந்து வரும். யார் முன்னால் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும். வராவிட்டால் 3 கிண்ணம் குடிக்க வேண்டும்! 26 பேர் 37 கவிதைகள் சொன்னார்கள். மீதி 16 பேர்? குடித்தார்கள்!

ஒரே எழுத்து, 20 முகம்!
அந்தக் கவிதைகளுக்கு வாங் ஷிஜி ஒரு முன்னுரை எழுதினார். மொத்தம் 324 எழுத்துகள், 28 வரிகள். எலி மீசை மயிரில் செய்த தூரிகையால் எழுதினார் என்பார்கள்! அதில் ஒரே எழுத்து சுமார் 20 இடங்களில் வருகிறது. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை! மறுநாள் அவரே திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தும் அந்த அழகு வரவில்லையாம்!

கல்லறைக்குள் போன தாள்
அந்த முன்னுரையின் மூல ஏடு என்ன ஆயிற்று தெரியுமா? ஒரு புத்த பிக்கு அதை உத்தரத்தில் ஒளித்து வைத்திருந்தாராம். தாங் பேரரசர் தாய்சோங் ஓர் அதிகாரியை அனுப்பி, நட்பாகப் பழகவிட்டு, தந்திரமாகப் பறித்துக்கொண்டார். 649-இல் பேரரசர் இறந்தபோது அதையும் சேர்த்துப் புதைத்தார்கள் என்கிறார்கள்! இன்று உலகில் வாங் ஷிஜி கைப்பட எழுதியது என்று உறுதியாகச் சொல்ல ஒரு தாள்கூட இல்லை. எல்லாமே நகல்!

நகலுக்கே இந்த விலையா?
2010-இல் பெய்ஜிங்கில் அப்படி ஒரு நகல் ஏலத்துக்கு வந்தது. உயரம் ஒரு சாண் சொச்சம். 4 வரி. 41 எழுத்து. போன விலை? 30 கோடியே 80 லட்சம் யுவான்! அன்றைய கணக்கில் சுமார் 14 கோடி வெள்ளி. எழுத்துக்கு 75 லட்சம் யுவான்! நகலே இந்த விலை என்றால், மூலம் கிடைத்தால்?

18 சாடித் தண்ணீர்!
வாங் ஷிஜியின் ஏழாவது மகன் வாங் ஷியன்ஜி (344–386). சிறுவனாக எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து தூரிகையைப் பிடுங்கிப் பார்த்தார். அசையவில்லை! அவ்வளவு பிடி! மை கரைத்தே 18 சாடித் தண்ணீரைத் தீர்த்தான் என்றும் ஒரு கதை உண்டு.

தப்பிப் பிழைத்த 84
அசல் எதுவுமே மிஞ்சவில்லையா? மிஞ்சியிருக்கிறது! அதே ஜின் காலத்தைச் சேர்ந்த லூ ஜி (261–303) எழுதிய ஒரு கடிதம். 9 வரி, 84 எழுத்து. பெயர் தெரிந்த ஒரு பெரும்புள்ளி தாளில் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். 1956-இல் சாங் போஜூ என்ற சேகரிப்பாளர் இதை நாட்டுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார்! இன்னொரு விந்தை: லூ ஜி கொல்லப்பட்ட அதே 303-இல்தான் வாங் ஷிஜி பிறந்தார்!

சீன எழுத்துக்குப் பக்கத்தில் தமிழ்!
இந்தச் சீன எழுத்தும் நம் தமிழும் ஒரே கல்லில் இருக்கின்றன, தெரியுமா? சீனாவின் சுவான்சோவ் துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சிவன் கோயிலுக்காக வெட்டியது. கடைசி வரி மட்டும் சீனம்!

அதைவிடப் பெரிய அதிசயம் இலங்கையின் காலியில் 1911-இல் கிடைத்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த 1409-ஆம் ஆண்டுக் கல். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு! தெய்வம் வேறு, மொழி வேறு. காணிக்கையோ ஏறக்குறைய ஒரே அளவு! கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் விட்டுவிடாதீர்கள்!