கம்போஸிலிருந்து குபர்னெட்டிஸுக்கு: மூணு கன்டெய்னரைக் கரை சேர்ப்பது எப்படி?

டாக்கர் கம்போஸ் பழகிட்டா ஒரு தெம்பு வந்துடும். ஒரே யாமல் ஃபைல், ஒரே கமாண்ட். ஃப்ரன்ட்எண்ட், ஏபிஐ, டேட்டாபேஸ் மூணும் லேப்டாப்ல எழுந்து நிக்கும். அதே ஆப்பை குபர்னெட்டிஸ் கிளஸ்டருக்குக் கொண்டு போகும்போதுதான் இடிக்க ஆரம்பிக்கும். எங்கெங்கே இடிக்கும், ஏன் இடிக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

உதாரணத்துக்கு ஒரு சிம்போசியம் பதிவுத் தளத்தை எடுத்துக்குவோம். ரியாக்ட் ஃப்ரன்ட்எண்ட் ஒரு கன்டெய்னர், நோட் ஏபிஐ ஒண்ணு, போஸ்ட்கிரெஸ் ஒண்ணு. பணம் கட்டினவங்க பேரும் டிரான்ஸாக்‌ஷன் நம்பரும் அந்த போஸ்ட்கிரெஸ்லதான் இருக்கு. அது போச்சுன்னா, நிகழ்ச்சி அன்னைக்குக் காலையில ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல உட்கார்ந்திருக்கிற ஜூனியர் பாடு திண்டாட்டம்தான்.

முதல் வித்தியாசம், கம்போஸ் ‘இதை ஓட்டு’ என்கிற கட்டளை. குபர்னெட்டிஸ் அப்படி இல்லை. ‘ஏபிஐ எப்பவும் 3 பிரதி இருக்கணும்’ என்று நாம எழுதிக் கொடுக்கிறோம். இப்ப இருக்கிற நிலையையும் நாம கேட்ட நிலையையும் அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்த்து, குறைஞ்சா சேர்க்கும், கூடினா குறைக்கும். 2014-ல் கூகுள் இதை ஓபன் சோர்ஸாக வெளியிட்டது. பேருக்குக் கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று அர்த்தம். நாம போற இடத்தைச் சொன்னா போதும், திருப்புறது அவர் வேலை.

அது கையாளுகிற மிகச் சின்ன அலகு பாட். ஒரு பாடுக்குள்ள பல கன்டெய்னர் வைக்கலாம் என்று படிச்சதும், மூணையும் ஒரே பாடுல திணிக்கலாமேன்னு தோணும். வேண்டாம். ஒரே பாடுல இருந்தா மூணும் சேர்ந்தே பிறக்கும், சேர்ந்தே போகும். ஏபிஐயை 3 ஆக்கினா டேட்டாபேஸும் 3 ஆகிடும், ஒண்ணுக்கொண்ணு தெரியாமல். அதனால தனித்தனி பாட், ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு சர்வீஸ். பாடோட ஐபி மாறிக்கிட்டே இருக்கும். சர்வீஸோட பேரு மாறாது. கம்போஸ்ல ‘டிபி’ன்னு கூப்பிட்ட மாதிரியே இங்கேயும் கூப்பிடலாம்.

இந்தப் பேருலதான் யாரும் எதிர்பார்க்காத ஒரு கண்ணி இருக்கு. சர்வீஸுக்கு ‘டிபி’ன்னு பேரு வச்சா, அதுக்கப்புறம் அதே நேம்ஸ்பேஸ்ல பிறக்கிற பாடுகளுக்கெல்லாம் ‘டிபி_போர்ட்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளைக் குபர்னெட்டிஸ் தானாகவே சேர்த்துடும். அதோட மதிப்பு வெறும் 5432 இல்லை. டிசிபி என்று தொடங்கி ஐபியோட சேர்ந்த ஒரு முழு முகவரி. உங்க கோடு ‘டிபி_போர்ட் இருந்தா அதை எடு, இல்லேன்னா 5432’ன்னு எழுதியிருந்தா, அந்த நீள முகவரியைப் போர்ட் நம்பரா எடுத்துக்கிட்டுக் கவிழ்ந்துடும். லேப்டாப்ல ஒரு தடவைகூட வராத எரர் இது. வேரியபிளுக்கு நீங்களே மதிப்பைக் குறிச்சுடுங்க, அப்ப உங்களோடதுதான் நிக்கும். இல்லேன்னா ‘எனேபிள் சர்வீஸ் லிங்க்ஸ்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கிடுங்க.

அடுத்து இமேஜ். கம்போஸ் நம்ம ஃபோல்டர்லயே பில்டு பண்ணிக்கும். கிளஸ்டருக்கு நம்ம ஃபோல்டர் தெரியாது, ரெஜிஸ்ட்ரியிலிருந்துதான் இழுக்கும். மினிக்யூப்ல இமேஜை நேரா உள்ளே ஏத்தினாலும், டேக் ‘லேட்டஸ்ட்’ன்னு இருந்தா மறுபடியும் வெளியே போய்த் தேடும், ஏன்னா அந்த டேகுக்கு எப்பவும் இழுப்பதுதான் இயல்பு நிலை. ‘வி1’ன்னு ஒரு டேக் போட்டாலே இமேஜ்புல்பேக்ஆஃப் பாதி தீர்ந்துடும்.

கம்போஸ்ல இருக்கிற ‘டிபென்ட்ஸ் ஆன்’ இங்கே கிடையாது. டேட்டாபேஸ் வர்றதுக்கு முன்னாடி ஏபிஐ வந்துடும், கனெக்‌ஷன் கிடைக்காமல் செத்துடும், மறுபடி எழுப்பப்படும். இடைவெளி 10 விநாடி, 20, 40 என்று இரட்டிப்பாகி 5 நிமிஷம் வரை போகும். க்ராஷ்லூப்பேக்ஆஃப் என்று பயமுறுத்துறது இந்தக் காத்திருப்பைத்தான். சரியான வழி, கனெக்‌ஷனைத் திரும்பத் திரும்ப முயற்சி பண்ற மாதிரி கோடு எழுதுறது. கூடவே ரெடினஸ் ப்ரோப் வையுங்க. அது தோத்தா அந்த பாடுக்கு டிராஃபிக் போகாது, அவ்வளவுதான். லைவ்னஸ் ப்ரோப் வேற. அது தோத்தா கன்டெய்னரையே ரீஸ்டார்ட் பண்ணிடும். லைவ்னஸ்ல டேட்டாபேஸைச் செக் பண்ணாதீங்க. டேட்டாபேஸ் ஒரு நிமிஷம் தடுமாறினா, நல்லா இருக்கிற 3 ஏபிஐயும் சேர்ந்து சாகும்.

ஃப்ரன்ட்எண்ட் விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிட்டா போதும்: இந்தக் கோடு எங்கே ஓடுது? யூசரோட பிரவுசர்ல. அந்த பிரவுசருக்கு கிளஸ்டருக்குள்ள இருக்கிற ‘ஏபிஐ’ என்ற பேரு எப்படித் தெரியும்? இங்க்ரெஸ் வச்சு, ஒரே டொமைனுக்குக் கீழே ஒரு பாதையை ஏபிஐக்குத் திருப்பிவிடணும். இங்க்ரெஸ் கன்ட்ரோலர் தனியா இன்ஸ்டால் ஆகியிருக்கணும். வெறும் யாமல் எழுதிட்டுக் காத்திருந்தா ஒண்ணும் நடக்காது. இன்னொண்ணு, லாகின் செஷனை ஏபிஐ மெமரியிலேயே வச்சிருந்தா, 3 பிரதி வந்ததும் ஒரு கிளிக்குக்கு உள்ளே, அடுத்த கிளிக்குக்கு வெளியேன்னு ஆகிடும். பாஸ்வேர்டுகளை சீக்ரெட்ல வையுங்க, ஆனா அந்த யாமலை கிட்ஹப்ல ஏத்தாதீங்க. அது பேருக்குத்தான் ரகசியம். உள்ளே இருக்கிறது பேஸ்64, யார் வேணும்னாலும் திருப்பிப் படிச்சிடலாம்.

இப்ப அந்த ஜூனியரோட தலைவிதிக்கு வருவோம். கன்டெய்னருக்குள்ள எழுதினது கன்டெய்னரோட போயிடும். போஸ்ட்கிரெஸுக்குப் பெர்சிஸ்டன்ட் வால்யூம் க்ளெய்ம் கட்டாயம். அதையும் டிப்ளாய்மென்ட்ல வச்சா வேற ஒரு ஆபத்து: அப்டேட் பண்ணும்போது பழைய பாட் போறதுக்கு முன்னாடியே புதுசு வந்துடும், அதுதான் அதோட வழக்கம். ரெண்டும் ஒரே நோடுல விழுந்தா, ஒரே டேட்டா ஃபோல்டரை ரெண்டு போஸ்ட்கிரெஸ் பிடிச்சு இழுக்கும். ஸ்டேட்ஃபுல்செட் பழசு போன பிறகுதான் அதே பேர்ல, அதே வால்யூமோட புதுசை எழுப்பும். டேட்டாபேஸுக்கு அதுதான் இடம். ஒண்ணு தெளிவா இருக்கட்டும், வால்யூம் பேக்கப் ஆகாது. தப்பா ஒரு டெலீட் குவெரி ஓட்டினா வால்யூம் அதையும் பத்திரமாகத்தான் வச்சுக்கும். தினம் ஒரு டம்ப் எடுத்துக் கிளஸ்டருக்கு வெளியே போடுங்க.

என்னைக் கேட்டா, ஒரு காலேஜ் தளத்துக்கு இவ்வளவும் அதிகம். ஒரு விஎம்ல கம்போஸே போதும். ஆனா கத்துக்கணும்னு இறங்கினவங்க, பதிவு திறக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு சோதனை செஞ்சு பாருங்க. பத்து போலிப் பதிவு போட்டுட்டு, டேட்டாபேஸ் பாடை வேணும்னே டெலீட் பண்ணுங்க. அது திரும்பி வந்ததும் பத்தும் இருக்கான்னு எண்ணுங்க.