ஈயம் கெடுத்த எஞ்சின்

பழைய பொம்மை ரயில் என்றதும் துருதான் முதலில் நினைவுக்கு வரும். துருப்பிடித்த எஞ்சினைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். சேகரிப்பாளர்களை உண்மையில் கலங்கடிப்பது வேறு. எஞ்சினில் துருவின் சுவடே இருக்காது, பெயிண்டின் பளபளப்புகூட மங்கியிருக்காது. பெட்டிக்குள் பத்திரமாக இருந்தபடியே அதன் உலோகம் உள்ளுக்குள் உப்பி, வெடித்து, கையில் எடுத்தால் உதிரும்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், பின்ஸ் சாலைத் தொழிற்சாலையிலிருந்து 1938இல் வெளிவந்த ஹார்ன்பி டப்ளோ ரயில்கள் இதற்கு நல்ல உதாரணம். அந்தத் தொழிலைத் தொடங்கிய ஃபிராங்க் ஹார்ன்பி 1936இலேயே மறைந்துவிட்டார். தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், மின்சாரத்துக்காக நடுவில் மூன்றாவது தண்டவாளம், 12 வோல்ட் மோட்டார். ‘சர் நைஜல் கிரெஸ்லி’ என்று பெயர் தாங்கிய எஞ்சினின் உடல் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியமும் மிகச் சிறிதளவு மெக்னீசியமும் சேரும் கலவை அது. 400 டிகிரி செல்சியஸை எட்டுவதற்குள்ளேயே உருகிவிடும். எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தினால் கடுகளவு ஆணித்தலைகூடத் துல்லியமாகப் பதியும். பொம்மைக்கு இதைவிடப் பொருத்தமான உலோகம் கிடைப்பது கடினம்.

ஆனால் ஒரே அச்சில் வார்த்த இரண்டு எஞ்சின்களில் ஒன்று இன்றும் ஓடுகிறது, மற்றொன்று பொடியாகிவிட்டது. வேறுபாடு உருக்குப் பானையிலேயே தொடங்கிவிட்டது.

உருகிய கலவை ஆறும்போது நுண்ணிய படிகங்களாக உறைகிறது. அதில் கொஞ்சம் ஈயம் கலந்திருந்தால், துத்தநாகப் படிகம் அதைத் தனக்குள் ஏற்பதில்லை. கடைசியாக உறையும் இடங்களுக்கு, அதாவது படிகங்களின் எல்லைகளுக்கு ஈயம் தள்ளப்படுகிறது. செங்கல் நன்றாக இருந்தும் சாந்து கெட்டுப்போன சுவரின் நிலைதான் பிறகு. காற்றின் ஈரம் எல்லைகளுக்குள் நுழைந்ததும் அங்கே மின்வேதி அரிப்பு தொடங்குகிறது. அரிப்பில் உருவாகும் ஆக்சைடுகள் முன்பிருந்த உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். அவை ஆப்பு இறக்குவதுபோலப் படிகங்களைப் பிரிக்கின்றன. வார்ப்பு நீள்கிறது, வளைகிறது, பின்பு விரிசல் விடுகிறது. வெளியிலிருந்து உள்ளே வரும் துருவைத் தடுக்க வழி உண்டு. இங்கே கேடு வார்த்த அன்றே உள்ளே அமர்ந்துவிட்டது.

ஈயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவைதான் குற்றவாளிகள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1920களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 99.99 சதவீதத் தூய துத்தநாகமும் வந்துவிட்டது. இன்றைய தர விதிகள் ஈயத்தை ஒரு லட்சம் பங்கில் ஐந்து பங்கு அளவிலேயே நிறுத்துகின்றன. அந்த அளவு சுத்தத்தைப் பட்டறையின் அன்றாட வேலையில் காப்பது சுலபமல்ல. பற்றாசுத் துணுக்கோ, ஈயம் கலந்த கழிவு உலோகமோ பானையில் விழுந்தாலே போதும், அன்றைய வார்ப்பு முழுக்கக் கெட்டுவிடும்.

கெட்ட வார்ப்பைக் குணப்படுத்த மருந்து இல்லை. மேலே பிசின் பூசினால் உதிர்வது தாமதமாகலாம். ஈரமும் வெப்பமும் குறைந்த இடத்தில் வைத்தால் வேகம் குறையலாம், அவ்வளவுதான். ஆகவே இங்கே சீர்செய்பவரின் கற்பனை புதிய பாகத்தை உருவாக்குவதில்தான் இருக்கிறது. அதில் ஒரு சிக்கல் உண்டு. மாதிரியாகக் கையில் இருக்கும், சக்கரங்களைத் தாங்கும் பழைய வார்ப்புச் சட்டகம் ஏற்கெனவே உப்பியது. அதை ஸ்கேன் செய்து அப்படியே முப்பரிமாணத்தில் அச்சிட்டால் நோயின் அளவும் சேர்ந்தே வரும். எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் உப்புவதில்லை என்பதால், மொத்தமாகச் சுருக்கியும் சரிசெய்ய முடியாது.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உப்பாத சாட்சிகளைத் தேட வேண்டும். எஃகு இருசு நீளவில்லை. பித்தளைப் பல்சக்கரங்கள் நீளவில்லை. இரண்டு பற்கள் சரியாகக் கவ்வுவதற்கு இருசுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை அவையே சொல்லிவிடும். தண்டவாளத்தின் 16.5 மில்லிமீட்டர் மாறவில்லை; சக்கரங்களின் இடைவெளியை அது தீர்மானிக்கிறது. இவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, 1938இல் அந்தச் சட்டகம் என்ன அளவில் இருந்திருக்கும் என்று திரும்ப வரைவது தொல்லியலுக்கு நிகரான வேலை. பிறகு மெழுகு மாதிரி செய்து பித்தளையில் வார்க்கலாம். ஆறும்போது பித்தளை சுருங்கும் என்பதால் மெழுகைச் சற்றுப் பெரிதாகவே செய்துகொள்ள வேண்டும்.

மோட்டாரிலும் ஒரு வேடிக்கையான இயற்பியல் ஒளிந்திருக்கிறது. பழைய நிரந்தரக் காந்தம் வலுவிழந்தால் மோட்டார் மெதுவாகத்தானே சுற்ற வேண்டும்? சுமை இல்லாதபோது நேர்மாறாக வேகமெடுக்கும். சுற்றும் சுருளில் எழும் எதிர் மின்னழுத்தம்தான் வேகத்துக்குக் கடிவாளம். காந்தம் சோர்ந்தால் அந்த எதிர்ப்பும் குறைகிறது. பெட்டிகளை மாட்டியதும் தெம்பில்லாமல் திணறி, அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். காந்தத்துக்கு மீண்டும் காந்தமேற்றலாம். அல்னிகோ காந்தம் என்றால் ஆர்மேச்சரை உருவும்போதே காந்தமுனைகளுக்குக் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை வைத்துவிட வேண்டும். காந்தச் சுற்று திறந்த நிலையில் இருந்தால் அது வலுவிழந்துவிடும்.

தகரத்தால் செய்த ரயில் பெட்டிகளுக்கு வேறு நீதி. தகரம் என்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. பூச்சில் கீறல் விழுந்தால் வெள்ளீயம் இரும்பைக் காப்பதில்லை, அங்கே அரிப்பை விரைவாக்கவே செய்கிறது. துத்தநாகப் பூச்சாக இருந்தால், அது தன்னை அரிப்புக்குக் கொடுத்து இரும்பைக் காத்திருக்கும். துருவின் மேல் டானிக் அமிலம் தடவினால் அது நிலையான கருநிறச் சேர்மமாக மாறும். ஆனால் பெட்டியின் பக்கங்களில் உள்ள ஜன்னல்களும் எழுத்துகளும் தகரத்தின் மேலேயே அச்சிட்டவை. இன்று செய்தித்தாள் அச்சாகும் ஆஃப்செட் முறையே 1870களில் இங்கிலாந்தில் தகரத்தில் அச்சிடுவதற்காகப் பிறந்ததுதான். அந்த மை ஒரு முறை உரிந்தால் தூரிகையால் ஈடுகட்ட முடியாது. அச்சு உள்ள இடத்தில் உப்புத்தாளோ கம்பி நாரோ படவே கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் மற்ற இடங்களிலும் உலர்வாகத் தேய்ப்பது ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தத் தூசியே கூடாது.

எல்லாவற்றையும் புதிதாகப் பெயிண்ட் அடித்துக் கடையில் வாங்கியதைப் போல ஆக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு குழந்தை தரையில் ஓட்டிய கீறல்கள் அந்தப் பொம்மையின் வரலாறு. அதேபோல, உடைந்ததை உடைந்தபடியே கண்ணாடிக்குள் வைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. ஓடுவதற்காகச் செய்த பொருள் ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது. ஒட்ட வேண்டிய இடத்தில், அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் பிசினைத் தேர்ந்தால், பின்னால் வருபவர் அசிட்டோனால் கரைத்துப் பிரித்துவிட முடியும். புதிதாக வார்த்த சட்டகத்தின் உட்புறத்தில் ஆண்டைப் பொறித்துவிட்டால், 1938இன் அசல் பாகம் என்று சொல்லி யாரும் அதை விற்க முடியாது.

உதிர்ந்த துண்டுகளையும் எறிய வேண்டாம். இந்த நோய் பக்கத்து எஞ்சினுக்குத் தொற்றாது. துண்டுகளைக் காற்றுப் புகாத பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு போட்டு அந்த எஞ்சினை வைத்த பெட்டியிலேயே வைக்கலாம். உடைந்த முகத்தில் எண்ணெயோ பிசினோ படாமல் இருந்தால், நுண்ணோக்கியில் படிக எல்லைகளைப் பார்த்து அன்றைய உருக்குப் பானையில் என்ன கலந்தது என்று இன்னொருவர் ஆராய முடியும்.